பச்சை, மஞ்சள், சிவப்பு: டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் 18 மாதங்கள்

பத்துப் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அறையில் என்னை எழுந்து பேசச் சொன்னால், என் பெயரைத் தவிர மற்றதெல்லாம் மறந்துபோகும் ஆளாகத்தான் நான் பல ஆண்டுகள் இருந்தேன். அலுவலகத்தில் அறிக்கையை எழுதுவது நான், அதை எடுத்துரைப்பது வேறொருவர் என்ற ஏற்பாடு, யாரும் முடிவு செய்யாமலேயே நிலைத்துவிட்டிருந்தது. அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்த தந்திரங்கள் ஒன்றிரண்டல்ல: தொண்டை கட்டியிருக்கிறது என்பேன், தரவுகளை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்பேன், ஒரு முறை பேச வேண்டிய நாளில் விடுப்பே எடுத்துவிட்டேன். சபைக் கூச்சம் என்று வீட்டில் செல்லமாகச் சொல்லப்பட்ட இந்தக் குறை, பதவி உயர்வு ஒன்று கைநழுவிப் போனபோது அவ்வளவு செல்லமாகத் தெரியவில்லை. அதன் பிறகுதான், மேடையில் பேசிப் பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒன்றில் சேர்ந்தேன். சேர்ந்து 18 மாதங்கள் ஆகின்றன. தலைமைப் பண்பு, குழு நிர்வாகம் என்று அந்த அமைப்பு கற்றுத்தரும் மற்றவற்றை விட்டுவிட்டு, மேடையைக் கண்டு நடுங்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பயன்படுகிறது, எந்த இடத்தில் பயன்படாமல் போகிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

இதற்கு முன் ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தின் இரண்டு நாள் பட்டறைக்குப் போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் என் ஒப்பீடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெரிய அரங்கு, உரத்த இசை, மேடையில் ஓயாமல் நடந்துகொண்டே பேசும் பயிற்சியாளர். ‘நான் அஞ்சமாட்டேன்’ என்று கூடியிருந்த அனைவரும் சேர்ந்து முழங்கினோம். உடல்மொழி, குரலின் ஏற்ற இறக்கம், கதையோடு தொடங்கும் முறை, கேள்வியோடு முடிக்கும் முறை என்று குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டேன். அந்த இரண்டு நாள்களிலும் சேர்த்து, நான் தனியாக எழுந்து நின்று பேசிய நேரம் ஒன்றரை நிமிடம் இருந்தால் அதிகம். அடுத்த வாரம் அலுவலகக் கூட்டத்தில் குறிப்பேடு என் பையில் இருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைக் கட்டணம் செலுத்திக் கற்றுக்கொண்டேன்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பெயர் பலரை முதலில் குழப்புகிறது. விருந்துகளில் எழுந்து வாழ்த்துரைப்பவர்களை வரிசைப்படி அழைக்கும் ஆளுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் அது. மன்றத்தில் விருந்தும் இல்லை, மதுவும் இல்லை. அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பில் பணியாற்றிய ரால்ஃப் ஸ்மெட்லி, அங்கே வருகிறவர்களுக்குப் பேசவும் கூட்டம் நடத்தவும் பழக்கம் தேவைப்படுகிறது என்று கண்டு, கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் 1924 அக்டோபர் 22 அன்று கூட்டிய மன்றத்திலிருந்து இது வளர்ந்தது. (பெண்களை உறுப்பினராக்க இந்த அமைப்புக்கு 1973 வரை ஆயிற்று என்பதையும் போகிற போக்கில் பதிவு செய்கிறேன், பேசக் கற்பிக்கும் இடம்கூட யாரைப் பேசவிடுவது என்பதில் அவ்வளவு காலம் தயங்கியிருக்கிறது.) லாப நோக்கமற்ற அமைப்பு. 18 வயது நிரம்பியவர்கள் சேரலாம். இன்று பல நாடுகளில், பல மொழிகளில், தமிழிலும்கூட, மன்றங்கள் நடக்கின்றன.

சேருமுன் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி, இங்கே ஆசிரியர் கிடையாது என்பதுதான். பேசுகிறவரும் உறுப்பினர், நேரம் பார்க்கிறவரும் உறுப்பினர், பேச்சை மதிப்பிடுகிறவரும் உறுப்பினர். ஒரு கூட்டத்தில் நேரக் காப்பாளராக இருப்பவர் அடுத்த கூட்டத்தில் பேச்சாளர். வல்லுநர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும், எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஆசிரியர் இல்லாததால் அவர் எடுத்துக்கொள்ளும் நேரமும் இல்லை. ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நீளும் கூட்டம் முழுவதும் உறுப்பினர்களின் வாயில்தான் கழிகிறது. கணக்கு வைத்திருக்கிறேன்: 18 மாதங்களில் 9 தயாரித்த பேச்சுகள், 22 திடீர்ப் பேச்சுகள், பொறுப்பேற்று எழுந்த தடவைகள் அதற்கும் மேல். பட்டறையின் ஒன்றரை நிமிடத்தோடு இதை ஒப்பிட்டால், இந்த மன்றம் நமக்குத் தருவது பாடமன்று, எழுந்து நிற்கும் வாய்ப்புகள் என்பது விளங்கும். பயத்துக்கு மருந்தாக நான் கண்டது அந்த எண்ணிக்கையைத்தான்.

கூட்டத்தின் முதுகெலும்பு அந்த மூன்று விளக்குகள். பேச்சுக்கு ஒதுக்கிய குறைந்தபட்ச நேரம் நிறைந்ததும் பச்சை, இடைப்பட்ட நேரத்தில் மஞ்சள், அதிகபட்ச நேரம் வந்ததும் சிவப்பு. பல மன்றங்களில் விளக்குக்குப் பதில் அட்டைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நேரத்தைக் கட்டுப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று முதலில் நினைத்தேன். பயந்தவனுக்கு அது வேறொன்றாகப் பயன்படுகிறது: இந்தத் துன்பத்துக்கு ஒரு முடிவு உண்டு, அது எப்போது என்று கண்ணுக்கு எதிரே தெரிகிறது. அலுவலகக் கூட்டத்தில் என்னை வாட்டியது, எப்போது உட்காரலாம் என்று தெரியாத நிலைதான் என்பதைப் பச்சை அட்டையைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

திடீர்ப் பேச்சைத்தான் அதிகம் பாராட்ட வேண்டும். டேபிள் டாபிக்ஸ் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதியில், கேட்கும் வரை என்னவென்று தெரியாத ஒரு தலைப்பைக் கொடுத்து உடனே பேசச் சொல்கிறார்கள். ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. என் முதல் தலைப்பு, ‘உங்கள் செருப்பு பேசினால் என்ன சொல்லும்?’ என்பது. எனக்கு அதில் சொல்ல ஒன்றுமே இல்லை. பதினைந்து நொடிகள் நின்றேன், ஒரு வாக்கியம் சொன்னேன், மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு அப்போது அவமானமாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் வேறொரு புதியவர் அதே போல உட்கார்ந்தபோது நானும் தட்டினேன், அதில் கேலி துளியும் இல்லை என்பதை என் கைகளே எனக்குச் சொல்லின. செருப்பைப் பற்றி மோசமாகப் பேசிவிட்டால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. தோல்வி மலிவாகக் கிடைக்கும் இடம் வாழ்க்கையில் அரிது, பயந்தவர்களுக்குத் தேவைப்படுவதும் அத்தகைய இடம்தான். ஏறத்தாழ எட்டாவது திடீர்ப் பேச்சில் எனக்குக் கிடைத்தது பேச்சுத் திறன் என்று சொல்லமாட்டேன். சொல் வராத இடைவெளியில் மூன்று நான்கு நொடிகள் வாய்மூடி நிற்கலாம், தலையில் இடி விழாது என்ற அறிவுதான் கிடைத்தது.

இது ஏன் வேலை செய்கிறது என்று தேடியபோது, பேச்சு மேடையை வேண்டுமென்றே கொடுமையாக்கிய ஓர் ஆய்வுமுறையைப் பற்றிப் படித்தேன். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் ஆகிய மூவரும் உருவாக்கி 1993இல் வெளியிட்ட சோதனை அது. மனித உடலில் மன அழுத்தத்தை ஆய்வகத்தில் நம்பகமாக உண்டாக்க அவர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? ஆளைக் குழுவின் முன் நிறுத்தி, வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவரைப் போல ஐந்து நிமிடம் பேசச் சொல்வது. பிறகு 1022இலிருந்து 13, 13 ஆக மனத்திலேயே கழித்துக்கொண்டே போகச் சொல்வது. எதிரே இருப்பவர்கள் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று பழக்கப்படுத்தப்பட்டவர்கள். இப்படிச் செய்தால் கார்டிசோல் என்னும் அழுத்த ஹார்மோன் பெரும்பாலோரிடம் ஏறிவிடுகிறது. ஊசியோ மின்னதிர்ச்சியோ தேவையில்லை. அசையாத முகங்களும் ஐந்து நிமிடப் பேச்சும் போதும். என் நடுக்கம் என்னுடைய தனிப்பட்ட கோழைத்தனம் என்று நம்பியிருந்த எனக்கு, உலகெங்கும் ஆய்வகங்கள் அதை ஒரு கருவியாகவே பயன்படுத்துகின்றன என்ற செய்தி தந்த ஆறுதல் கொஞ்சமன்று.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்தை அந்தச் சோதனையின் அருகில் வைத்துப் பார்த்தால், ஒன்றைத் தலைகீழாக்கியதுதான் மற்றொன்று. பேச வருகிறவரைக் கைகுலுக்கி மேடையில் விடுகிறார்கள். வரும்போதும் கைதட்டல், போகும்போதும் கைதட்டல். எதிரே இருப்பவர்கள் தாராளமாகத் தலையாட்டுகிறார்கள், ஏனெனில் அடுத்த முறை தமக்கும் அது வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே செயல், அழுத்தம் தரும் பாகங்கள் மட்டும் கழற்றப்பட்ட நிலையில், மறுபடி மறுபடி நடக்கிறது. அஞ்சும் சூழலைத் தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வேர்விடும், பொறுத்துக்கொள்ளக் கூடிய அளவில் அதை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டால் தளரும் என்று உளவியலாளர்கள் சொல்லும் வழி இதுதான். ஸ்மெட்லி அதைக் கோட்பாடாக அறிந்து செய்திருக்கத் தேவையில்லை.

தயாரித்த பேச்சுகளில் முதலாவது ஐஸ் பிரேக்கர் எனப்படும் தன் அறிமுகம். நான்கு முதல் ஆறு நிமிடங்கள். நான் முழுப் பேச்சையும் தாளில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அதை யாரும் செய்ய வேண்டாம். விரலின் சிறு நடுக்கத்தையும் தாள் பெரிதாக்கிக் காட்டும். அது சலசலப்பதை நாமே கேட்போம், கேட்டதும் இன்னும் நடுங்கும். குறிப்பு வேண்டுமென்றால் உள்ளங்கையில் அடங்கும் கெட்டி அட்டை போதும், இல்லையென்றால் தாளை மேசைமேல் வைத்துவிட வேண்டும். வாய் உலர்ந்து, முழங்கால் தனக்கென்று ஒரு தாளம் போட, ஆறு நிமிடம் வரும் என்று எழுதிய பேச்சை மூன்று நிமிடம் பத்து நொடியில் கொட்டித் தீர்த்தேன். பச்சைகூடத் தெரியவில்லை.

பிறகு என் மதிப்பீட்டாளர் எழுந்தார். ஒவ்வொரு தயாரித்த பேச்சுக்கும் இப்படி ஓர் உறுப்பினர் இரண்டு மூன்று நிமிடம் எழுந்து கருத்துரைக்க வேண்டும் என்பது முறை. நான் அமைதியாகத் தொடங்கியதாகவும், அறையின் இடப்பக்கத்தை மட்டுமே பார்த்துப் பேசியதாகவும், வேகத்தைக் குறைத்தால் நன்றாக இருக்கும் என்றும் அவர் சொன்னார். நடுக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாகரிகம் கருதி விட்டுவிட்டார் என்று எண்ணித் தேநீர் இடைவேளையில் நேரடியாகக் கேட்டேன். ‘நடுங்கினீர்களா? தாள் அசைந்தது, ஆனால் மின்விசிறி என்று நினைத்தேன்’ என்றார். இதற்கும் ஆய்வு உண்டு. நமக்குள் நடப்பது வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் மிகையாக நம்புகிறோம் என்பதைக் கிலோவிச், சாவிட்ஸ்கி முதலியோர் 1998இல் காட்டினார்கள். அவர்களில் இருவரே 2003இல் வெளியிட்ட ஆய்வில், ‘உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பேச்சாளர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசியதாகப் பார்வையாளர்களும் மதிப்பிட்டார்கள். ஒரே ஒரு தகவல் பேச்சின் தரத்தையே மாற்றுகிறது. என் கருத்தில், இதை மன்றங்கள் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டும். ஒரு மின்விசிறியின் தயவால் நான் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன்.

குறைகளுக்கு வருகிறேன். ‘ஆ-கவுண்ட்டர்’ என்ற பொறுப்பை ஏற்பவர், பேசுகிறவர் ‘ம்ம்’, ‘அதாவது’, ‘வந்து’ என்று இழுக்கும் ஒவ்வொன்றையும் எண்ணிக் கூட்டத்தின் முடிவில் வாசிக்கிறார். ஓரளவு பழகியவர்களுக்கு இது சிறந்த சாணைக்கல். பயத்தை எதிர்த்து நிற்கவே முழு வலிமையையும் செலவிடும் ஒருவருக்கு, தன் வாயைத் தானே உளவு பார்க்கும் வேலையையும் சேர்த்துக் கொடுப்பது பொருந்தாத மருத்துவம் என்றே நினைக்கிறேன். முதல் மூன்று பேச்சுகளுக்காவது இந்தக் கணக்கிலிருந்து புதியவர்களுக்கு விலக்களிக்கலாம்.

மதிப்பீட்டின் இனிப்பும் ஒரு சிக்கல். பாராட்டு, பிறகு ஒரு திருத்தம், பிறகு மீண்டும் பாராட்டு என்ற வரிசை தொடக்கத்தில் தைரியம் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஐந்தாறு பேச்சுகளுக்குப் பிறகு அந்த வரிசையே மனப்பாடமாகிவிடுகிறது; நடுவில் வரும் ஒரு வாக்கியத்துக்காக மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு, மற்றதைக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறோம். பேச்சுப் போட்டிகளின் பாணியும் என் சுவைக்கு ஒத்துவரவில்லை: மேடையின் இரு பக்கமும் அளந்து நடப்பது, கண்ணீர் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எதைப் பற்றித் தொடங்கினாலும் ஒரு வாழ்க்கைப் பாடத்தில் கொண்டுபோய்க் கட்டுவது. பயம் போன சிலர் அந்தப் பாணிக்குள் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நிதி அறிக்கையை எடுத்துரைக்க அது உதவாது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று, மன்றத்தின் நிறையிலிருந்தே பிறக்கிறது. வெளியே இருக்கும் அவைகள் தலையாட்டுவதில்லை. ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் அலுவலகத்தில் முதன்முறையாகப் பேச ஒப்புக்கொண்டு எழுந்தபோது, எதிரே ட்ரியர் சோதனையின் நடுவர்களே வந்து உட்கார்ந்திருந்தது போலிருந்தது. ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருவர் வாசலை. அன்று நான் பழைய நிலைக்கே சரிந்தேன். பழகிய நல்ல முகங்களின் முன் குறைந்த பயம், பழகாத முகங்களின் முன் தானாகவே குறைந்துவிடாது. அதனால் பிறகு வேறு மன்றங்களுக்கு விருந்தினராகப் போய்ப் பேசத் தொடங்கினேன். இதை எந்தக் கையேடும் பார்த்து நான் செய்யவில்லை, ஆனால் அது மிகவும் பயன்பட்டது. எனவே ஒரே மன்றத்தின் ஒரே நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களுக்கு இந்தச் சேவையின் பயன் பாதிதான்.

பேசுவதற்கு முந்தைய சில நிமிடங்களைக் கையாள, மன்றத்துக்கு வெளியே படித்த ஒன்று உதவியது. அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகுமுன் தம்மைத்தாமே ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகப் பேசினார்கள். வேகமாக அடிக்கும் இதயத்தை அடக்குவது கடினம், அந்த அடிப்புக்கு வேறு பெயர் வைப்பது எளிது என்பதுதான் காரணம் என்கிறார்கள். ‘பதற்றப்படாதே’ என்று அருகில் இருப்பவர்கள் சொல்லும் அறிவுரை ஒருநாளும் எனக்கு வேலை செய்யாததன் காரணம் அப்போது புரிந்தது.

மரணத்தைவிட மேடைக்கு மக்கள் அதிகம் அஞ்சுகிறார்கள் என்று பயிற்சி நிறுவனங்கள் விளம்பரங்களில் சொல்வதுண்டு. 1973இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பிலிருந்து கிளம்பிய பேச்சு அது. எவற்றுக்கெல்லாம் அஞ்சுகிறீர்கள் என்று ஒரு பட்டியலைக் கொடுத்துக் கேட்டபோது, கூட்டத்தின் முன் பேசுவதை 41 விழுக்காட்டினரும் மரணத்தை 19 விழுக்காட்டினரும் குறித்தார்கள், அவ்வளவுதான். பேசுவதைவிடச் சாவதே மேல் என்று எவரும் சொல்லவில்லை. குறள் தன் 73ஆம் அதிகாரத்தை அவையஞ்சாமைக்கே ஒதுக்கி, பகைவர் முன் உயிரைக் கொடுப்பவர் பலர், அவையில் அஞ்சாமல் பேசுகிறவர் சிலரே என்று சொன்னது இந்தக் கருத்துக்கணிப்பைவிட எவ்வளவோ துல்லியமானது. அரிது என்று அது சொல்கிறதே தவிர, இல்லாதவரைக் கேலி செய்து அச்சுறுத்திப் பட்டறைக்கு அழைக்கவில்லை.

எல்லோருக்கும் இந்த மன்றத்தைப் பரிந்துரைக்கமாட்டேன். கடையில் பொருள் கேட்கவும், தொலைபேசியில் பேசவும், பிறர் முன் உண்ணவும்கூட ஒருவர் அஞ்சுகிறார் என்றால், அது மேடைக் கூச்சத்தைத் தாண்டிய சமூகப் பதற்ற நோயாக இருக்கலாம். அவர் முதலில் பார்க்க வேண்டியது உளவியல் நிபுணரை. மன்றத்துக்கு அதன் பிறகு, அவருடைய ஆலோசனையோடு வரலாம். அடுத்த வாரமே பேசியாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர்களுக்கும் இது உதவாது. மாதங்கள் பிடிக்கும் வேலை இது.

நேரம் இருப்பவர்கள், சேருமுன் குறைந்தது மூன்று மன்றங்களுக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். விருந்தினரைப் பேசச் சொல்லி அழைத்தாலும் மறுத்துவிடலாம், யாரும் தவறாக எண்ணுவதில்லை. ஒரே பெயரில் இயங்கினாலும் மன்றத்துக்கு மன்றம் குணம் மாறும். புதியவர் தடுமாறும்போது பழைய உறுப்பினர்களின் முகத்தைக் கவனியுங்கள். பேச்சாளரைக் கவனிப்பதைவிட அது பயனுள்ளது. நேரம் கண்டிப்பாகக் காக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். சிவப்பு வந்த பிறகும் மூத்தவர்கள் பேசிக்கொண்டே போகும் மன்றத்தில், உங்களுக்குரிய முறை வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

சென்ற மாதம் நிர்வாகக் குழுவின் முன் என் அறிக்கையை முதன்முறையாக நானே முழுவதும் எடுத்துரைத்தேன். கைகள் குளிர்ந்துதான் இருந்தன. மூன்றாவது குறிப்பு நடுவில் மறந்துபோயிற்று. நின்றேன், செருப்பைப் பற்றிப் பேசக் கற்ற அந்த மௌனத்தை நான்கு நொடிகள் வைத்திருந்தேன், குறிப்பு வந்தது. யாரும் தலையாட்டவில்லை, யாரும் கைதட்டவில்லை. காலாண்டு அறிக்கையையும் நானே வாசிக்க வேண்டும் என்று இப்போது சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நிமிடம் என்று கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.